லாக்-மெகான்டிக் ரயில் விபத்து: ஒரு விழுக்காடு சரிவும் ஏழு கைப்பிரேக்குகளும்

2013 ஜூலை 6 அதிகாலை ஒன்றேகால் மணியளவில், கனடாவின் கியூபெக் மாகாணத்தில் உள்ள லாக்-மெகான்டிக் நகரத்துக்குள் ஆளில்லாத சரக்கு ரயில் ஒன்று மணிக்கு 105 கிலோமீட்டர் வேகத்தில் வந்து தடம் புரண்டது. அதிலிருந்த 72 டேங்கர் வாகன்களிலும் கச்சா எண்ணெய். 63 டேங்கர்கள் தடம் புரண்டன. ஏறத்தாழ 60 லட்சம் லிட்டர் எண்ணெய் கொட்டி, உடனே தீப்பற்றியது. 47 பேர் இறந்தார்கள். ஊரின் நடுப்பகுதியில் 40 கட்டடங்கள் அழிந்தன. சுமார் 2,000 பேர் வீட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது.

அந்த ரயிலை எஞ்சின் எதுவும் இழுக்கவில்லை. ஐந்து எஞ்சின்களும் அணைந்து கிடந்தன. இரவு நிறுத்திவைத்திருந்த இடத்திலிருந்து நகரம் வரையான 11.6 கிலோமீட்டர் தூரத்தையும் புவியீர்ப்பு மட்டுமே கடக்க வைத்தது. பள்ளிக்கூடத்தில் எல்லோரும் போட்ட சாய்தளக் கணக்குதான் இது. சரிவு கீழே இழுக்கும், உராய்வு மேலே பிடிக்கும், எது பெரிதோ அது வெல்லும். இவ்வளவு எளிய கணக்கு அனுபவமுள்ளவர்கள் கையிலேயே எப்படித் தவறியது என்பதைப் படிப்படியாகப் பார்ப்பதுதான் இந்த ஆய்வு. கணக்கில் தேவையான இடங்களில் எண்களை முழுமையாக்கியிருக்கிறோம். முடிவை அது மாற்றாது.

ரயில் நின்ற இடம்

வடக்கு டகோட்டாவில் ஏற்றிய எண்ணெய், நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தின் செயின்ட் ஜான் நகரில் உள்ள சுத்திகரிப்பு ஆலைக்குப் போய்க்கொண்டிருந்தது. கியூபெக் வழியாக அதை இழுத்துச் சென்றது மான்ட்ரியல், மெய்ன் அண்ட் அட்லான்டிக் என்ற ரயில் நிறுவனம், சுருக்கமாக எம்.எம்.ஏ. ரயிலில் ஓட்டுநர் ஒருவர் மட்டுமே இருந்தார்.

ரயிலின் தலைப்பகுதியில் ஐந்து எஞ்சின்கள், எஞ்சின்களைத் தொலைவிலிருந்து இயக்கும் கருவிகள் வைத்த ஒரு சிறப்புப் பெட்டி, எண்ணெய் வாகன்களுக்கும் எஞ்சினுக்கும் இடையே இடைவெளிக்காக வைத்த ஒரு சரக்கு வாகன், அதன் பின்னால் 72 டேங்கர்கள். மொத்த நீளம் 1.4 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். எடை சுமார் 9,300 டன்.

ஜூலை 5 இரவு 10:50 மணியளவில் ரயில் நான்ட் என்ற சிற்றூருக்கு வந்தது. அடுத்த ஓட்டுநர் வரும்வரை இரவு அங்கே நிறுத்திவைப்பது வழக்கம். நின்றது பிரதான பாதையில், கீழ்நோக்கிய சரிவில். பக்கத்தில் இருந்த கிளைப்பாதையில் வேறு வாகன்கள் நின்றன. நான்ட்டிலிருந்து லாக்-மெகான்டிக் வரை பாதை ஏறத்தாழ 110 மீட்டர் இறங்குகிறது. சராசரிச் சரிவு 1 விழுக்காட்டை ஒட்டி வரும்.

எஞ்சின்கள் பள்ளத்துப் பக்கம் இருந்தன. அதாவது மேலே நின்ற டேங்கர்கள் எல்லாம் இணைப்புகளை நெருக்கிக்கொண்டு, முன்னால் இருந்த எஞ்சின்களின் மேல் சாய்ந்து நின்றன. பிரேக் பிடித்திருந்ததும் அந்த முன்பகுதியில்தான்.

ஒரு விழுக்காடு என்றால் எவ்வளவு

நூறு மீட்டருக்கு ஒரு மீட்டர் இறக்கம். கோணமாகச் சொன்னால் 0.57 டிகிரி. அங்கே நின்று பார்க்கும் மனிதருக்குத் தரை மட்டமாகவே தெரியும். லாரி ஓட்டுபவர் அதைச் சரிவாகவே எண்ண மாட்டார். ரயிலுக்கு அது பெரிய சரிவு. ஏன் என்பது சக்கரத்தில் இருக்கிறது.

இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் உருளும்போது தொடும் பரப்பு ஒரு சிறு நாணயத்தின் அளவுதான். இரண்டும் மிகக் கொஞ்சமே நசுங்குகின்றன. அதனால் உருளல் உராய்வு வாகனின் எடையில் ஆயிரத்தில் ஒன்று முதல் இரண்டு பங்கு வரைதான். லாரி டயருக்கு இது ஆயிரத்தில் ஆறு முதல் பத்து. ரயில் செலவில்லாமல் சரக்கு சுமப்பதற்குக் காரணம் இந்தக் குறைந்த உராய்வுதான். அதே காரணத்தால், 500 மீட்டருக்கு ஒரு மீட்டர் இறங்கும் பாதையிலேகூட, பிரேக் இல்லாத வாகன் ஒருமுறை நகர்ந்துவிட்டால் தானாக ஓடத் தொடங்கிவிடும்.

இப்போது கணக்கு. சரிவு சிறியதாக இருக்கும்போது கீழ்நோக்கி இழுக்கும் விசை, எடையைச் சரிவு விழுக்காட்டால் பெருக்கினால் கிடைக்கும். 9,300 டன்னில் ஒரு விழுக்காடு 93 டன். அதாவது 93 டன் எடையைக் கயிற்றில் தொங்கவிட்டால் கயிறு உணரும் இழுவை. இதில் உருளல் உராய்வு அதிகபட்சம் 18 டன் வரை தானாகப் பிடித்துக்கொள்ளும். மிச்சம் ஏறத்தாழ 75 டன். பிரேக்குகள் கொடுக்க வேண்டியது இதுதான்.

இங்கே ஒரு குழப்பம் அடிக்கடி வரும். கனமான பொருளும் லேசான பொருளும் ஒரே முடுக்கத்தில் விழும் என்று படித்திருக்கிறோம். அப்படியானால் ரயிலின் எடைக்கு என்ன முக்கியத்துவம்? உருளத் தொடங்கிய பிறகு எடை கணக்கிலிருந்து பெரும்பாலும் நீங்கிவிடும், உண்மைதான். நிறுத்திவைக்கும்போது நீங்காது. ஒரு கைப்பிரேக் கொடுக்கும் விசைக்கு ஓர் எல்லை உண்டு. பின்னால் பத்து வாகன் இருந்தாலும் நூறு வாகன் இருந்தாலும் அந்த எல்லை மாறாது. ஆகவே எடை கூடக்கூடக் கைப்பிரேக்குகளின் எண்ணிக்கையும் அதே விகிதத்தில் கூடியாக வேண்டும்.

மூன்று பிரேக்குகள், மூன்று ஆயுள்

அந்த ரயிலில் மூன்று வகைப் பிரேக்குகள் இருந்தன. மூன்றுமே கடைசியில் ஒரே வேலையைத்தான் செய்கின்றன: பிரேக் கட்டையைச் சக்கரத்தின் விளிம்போடு அழுத்துகின்றன. அழுத்தும் விசை எங்கிருந்து வருகிறது என்பதில்தான் வேறுபாடு.

முதலாவது, ரயில் முழுவதற்குமான தானியங்கிக் காற்றுப் பிரேக். எஞ்சினிலிருந்து கடைசி வாகன் வரை பிரேக் குழாய் ஒன்று ஓடுகிறது. ஒவ்வொரு வாகனிலும் தனியாக ஒரு காற்றுத் தொட்டி. குழாயில் அழுத்தத்தைக் குறைத்தால், ஒவ்வொரு வாகனிலும் உள்ள வால்வு அதை உணர்ந்து, தன் தொட்டிக் காற்றைப் பிரேக் சிலிண்டருக்குள் விடும். குழாய் அறுந்தாலும் பிரேக் பிடிக்கும் என்பதுதான் இந்த அமைப்பின் சிறப்பு. ஆனால் அழுத்தம் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் குறைந்தால்தான் வால்வு அசையும். மெல்ல மெல்லக் கசிந்தால் அதை வால்வு பிரேக் கட்டளையாக எடுத்துக்கொள்வதில்லை. நான்ட்டில் ரயிலை விட்டுப் போகும்போது இந்தப் பிரேக் போடப்படவில்லை.

இரண்டாவது, எஞ்சின்களுக்கு மட்டுமான தனிக் காற்றுப் பிரேக். எஞ்சினின் முதன்மைத் தொட்டியிலிருந்து காற்று நேராகச் சிலிண்டருக்குப் போகும். கம்ப்ரசர் ஓடும்வரை கசியும் காற்று ஈடாகிக்கொண்டே இருக்கும். கம்ப்ரசர் நின்றால் தொட்டி மெதுவாகக் காலியாகும். பிரேக்கும் கூடவே இளகும். நான்ட்டில் இது போடப்பட்டிருந்தது.

மூன்றாவது, கைப்பிரேக். வாகனின் முனையில் உள்ள கைச்சக்கரத்தைச் சுற்றினால் சங்கிலி இறுகி, தண்டுகளும் நெம்புகோல்களும் வழியாகக் கட்டையை அழுத்தும். காற்றே தேவையில்லை. ஒருமுறை இறுக்கினால் யாராவது வந்து விடுவிக்கும்வரை அப்படியே இருக்கும். இதன் குறை, விசை முழுக்க இறுக்குபவரின் தோள் வலுவைப் பொறுத்தது. துருவேறிய சங்கிலி, தேய்ந்த மூட்டுகள், நீளம் சரியில்லாத தண்டு என ஒவ்வொன்றும் கொஞ்சம் விசையைத் தின்னும். ஒரே ஆள் ஒரே மாதிரி சுற்றினாலும் இரண்டு வாகன்களில் ஒரே பிடிப்பு கிடைக்காது. எஞ்சின்களில் உள்ள கைப்பிரேக் எல்லாச் சக்கரங்களையும் பிடிப்பதில்லை, ஒருசில கட்டைகளை மட்டுமே அழுத்தும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஓட்டுநர் ஐந்து எஞ்சின்கள், சிறப்புப் பெட்டி, இடைவெளி வாகன் என ஏழு கைப்பிரேக்குகளை இறுக்கினார். 72 டேங்கர்களில் ஒன்றில்கூட இறுக்கவில்லை. இவ்வளவு வாகன்கள் உள்ள ரயிலுக்கு நிறுவனத்தின் குறிப்பேடு சொன்ன குறைந்தபட்ச எண்ணிக்கை ஒன்பது.

விபத்தை ஆராய்ந்த கனடா போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் கண்டறிந்தது வேறு. இந்த ரயிலைக் காற்றில்லாமல் பிடித்துவைக்கக் குறைந்தது 17, இறுக்கிய வலுவைப் பொறுத்து 26 வரை கைப்பிரேக்குகள் தேவைப்பட்டிருக்கும். மேலே போட்ட கணக்கோடு ஒப்பிடுங்கள். 75 டன்னை 17-ஆல் வகுத்தால் ஒரு பிரேக்குக்கு 4.4 டன், 26-ஆல் வகுத்தால் 2.9 டன். ஏழு பிரேக்குகளும் இதே அளவு பிடித்தன என்று வைத்தாலும் கிடைப்பது 20 முதல் 31 டன். தேவையில் பாதிகூட இல்லை. குறிப்பேட்டின்படி ஒன்பது போட்டிருந்தாலும் 26 முதல் 40 டன் வரைதான். அந்த ஒன்பதும் போதுமானதாக இருந்திருக்காது. இந்த வழக்கைப் பேசுபவர்கள் பலர் 'இரண்டு பிரேக் குறைத்துப் போட்டார்' என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எண்ணிக்கைப் பட்டியலே சரிவைக் கணக்கில் எடுக்கவில்லை என்பது அதைவிடப் பெரிய குறை என்பது எங்கள் கருத்து.

அப்படியானால் ரயில் எப்படி நின்றது

மீதி விசையை எஞ்சின்களின் தனிக் காற்றுப் பிரேக் கொடுத்துக்கொண்டிருந்தது. ஐந்து கனமான எஞ்சின்கள், எல்லாச் சக்கரங்களிலும் கட்டைகள், முழுக் காற்றழுத்தம். கைப்பிரேக்கையும் அதையும் சேர்த்தால் 75 டன்னுக்கு மேலேயே இருந்தது. ரயில் அசையவில்லை.

நிலை உராய்வின் இயல்பு ஒன்றை இங்கே நன்றாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். நின்றிருக்கும் பொருளின் மேல் உராய்வு எப்போதும் தன் முழு வலுவைக் காட்டுவதில்லை. இழுக்கும் விசை எவ்வளவோ அவ்வளவு மட்டும் எதிர்த்துப் பிடிக்கும். எல்லை 76 டன்னாக இருந்தாலும் 200 டன்னாக இருந்தாலும், 75 டன் இழுவைக்கு அது காட்டுவது 75 டன்தான். ஆகவே நிற்கும் ரயிலைப் பார்த்து, பிடிப்பில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று எவராலும் சொல்ல முடியாது. எந்தப் பிரேக் எவ்வளவு சுமக்கிறது என்பதும் தெரியாது. அதைக் கண்டறிய ஒரே வழி, நம்ப விரும்பாத பிரேக்கை விடுவித்துப் பார்ப்பது.

விதியும் அதைத்தான் கேட்டது: கைப்பிரேக்குகள் மட்டுமே ரயிலைப் பிடிக்க வேண்டும்; அதைச் சோதித்து உறுதிசெய்ய வேண்டும். சோதனை நடந்தது. ஆனால் எஞ்சின்களின் தனிக் காற்றுப் பிரேக்கை விடுவிக்காமலே நடந்தது. கைப்பிரேக்கும் காற்றுப் பிரேக்கும் சேர்ந்த மொத்தத்தைச் சோதித்துவிட்டு, அந்தப் பதிலைக் கைப்பிரேக்கின் பதிலாக எடுத்துக்கொண்டார்கள். மற்ற எஞ்சின்களை அணைத்துவிட்டு, முதல் எஞ்சினை மட்டும் ஓடவிட்டு ஓட்டுநர் கிளம்பினார். அந்த ஒரு எஞ்சினின் கம்ப்ரசரைப் பொறுத்தே ரயிலின் நிலை இருந்தது.

முதல் எஞ்சின் அணைந்த பிறகு

அந்த எஞ்சின் ஏற்கெனவே நோயாளி. விபத்துக்கு எட்டு மாதங்களுக்கு முன், 2012 அக்டோபரில், அதன் கேம் தாங்கி (எஞ்சின் வால்வுகளை இயக்கும் தண்டைத் தாங்கும் பேரிங்) முறையான உதிரிபாகம் இல்லாமல், எபாக்சி பசை போன்ற பொருளால் சரிசெய்யப்பட்டிருந்தது. வெப்பத்தையும் அதிர்வையும் அந்தப் பொருள் தாங்கவில்லை. தாங்கி கெட்டு, எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைச் செலுத்தும் டர்போசார்ஜரில் எண்ணெய் தேங்கியது. அன்றிரவு எஞ்சின் கடுமையாகப் புகைந்துகொண்டிருந்தது தெரிந்தே இருந்தது. இரவு 11:40 மணிக்குத் தீ என்று அவசர அழைப்பு போனது.

தீயணைப்பு வீரர்கள் எரிபொருளை நிறுத்தி எஞ்சினை அணைத்தார்கள்; கேபினில் மின் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்சுகளையும் அணைத்தார்கள். அது நிறுவனத்தின் அறிவுறுத்தலுக்கு உட்பட்டதுதான். அங்கு வந்த நிறுவனப் பணியாளர் தண்டவாளப் பராமரிப்புப் பிரிவைச் சேர்ந்தவர். இன்னொரு எஞ்சினை ஓடவைக்க வேண்டும் என்ற முடிவு யாரிடமும் எழவில்லை. தீ அணைந்தது, எல்லோரும் கிளம்பினார்கள்.

இன்னொரு பாதுகாப்பும் இங்கே கைகொடுக்கவில்லை. ஓட்டுநரின் விழிப்பைக் கண்காணிக்கும் கருவி எஞ்சினில் உண்டு; அதற்கு மின்சாரம் போனால் ரயில் முழுதும் பிரேக் பிடிக்கும்படி இணைக்கலாம். இந்த எஞ்சினில் அந்த மின் சுவிட்சுகளை அணைத்தால் அப்படி நடக்கும்படி இணைப்பு இல்லை. இருந்திருந்தால் 72 டேங்கர்களிலும் காற்றுப் பிரேக் பிடித்திருக்கும்.

கம்ப்ரசர் நின்றதும் முதன்மைத் தொட்டிகளில் அழுத்தம் இறங்கத் தொடங்கியது. ரயில் காற்றுக் குழாய்களில் நூற்றுக்கணக்கான இணைப்புகள், ரப்பர் வளையங்கள், வால்வுகள். கொஞ்சம் கசிவு எல்லா ரயிலிலும் உண்டு. ஓடும்போது கம்ப்ரசர் அதை மறைத்துவிடும். பிரேக் சிலிண்டரில் அழுத்தம் குறையும் விகிதத்திலேயே கட்டை சக்கரத்தை அழுத்தும் விசையும் குறைகிறது. உராய்வும் அதே விகிதத்தில். வெளியே எதுவும் தெரியாது. உராய்வின் எல்லை இறங்கி இறங்கி, தேவைப்படும் 75 டன்னைத் தொடும்வரை ரயில் ஒரு மில்லிமீட்டர்கூட நகராது. இங்கே அதற்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆனது. நள்ளிரவு ஒரு மணிக்குச் சற்று முன், 12:58 வாக்கில், ரயில் நகர்ந்தது.

நகர்ந்த பிறகு திரும்ப வழியில்லை. நிற்கும் சக்கரத்தின் தாங்கியைப் புரட்டத் தேவையான விசை ஓடும் சக்கரத்துக்குத் தேவைப்படுவதைவிட அதிகம்; நகர்ந்ததும் அந்த உதவி போய்விடுகிறது. கட்டைக்கும் சக்கரத்துக்கும் இடையே நிலை உராய்வு போய் இயக்க உராய்வு வருகிறது, அதுவும் குறைவு. வேகமும் சூடும் ஏற ஏறக் கட்டையின் பிடி இன்னும் தளர்கிறது. காற்றழுத்தம் தொடர்ந்து இறங்கிக்கொண்டே இருந்தது. எல்லாம் ஒரே திசையில் வேலை செய்தன.

பதினேழு நிமிடங்களின் கணக்கு

11.6 கிலோமீட்டரில் ரயில் மணிக்கு 105 கிலோமீட்டரை, அதாவது நொடிக்கு 29 மீட்டரை எட்டியது. சீரான முடுக்கம் என்று கொண்டால், ஒவ்வொரு நொடியும் வேகம் நொடிக்கு 0.037 மீட்டர் கூடியிருக்கிறது. புவியீர்ப்பு முடுக்கத்தில் 270-இல் ஒரு பங்கு. இந்த முடுக்கத்தில் முதல் நிமிட முடிவில் ரயில் 66 மீட்டர்தான் போயிருக்கும், மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில். ஐந்தாவது நிமிடத்தில் 40.

சீரான முடுக்கத்தில் முழுத் தூரத்துக்கும் 13 நிமிடங்கள் போதும். உண்மையில் 16, 17 நிமிடங்கள் ஆயின. தொடக்கத்தில் ரயில் இன்னும் மெதுவாகவே நகர்ந்திருக்க வேண்டும் என்பதே இதன் பொருள். காற்றுப் பிரேக்கில் எஞ்சியிருந்த அழுத்தம் முதல் சில நிமிடங்களில் இழுத்துப் பிடித்துக்கொண்டே கசிந்து தீர்ந்தது என்று கொள்வது பொருந்துகிறது. ரயிலில் ஒருவர் இருந்து, அவசரப் பிரேக் வால்வைத் திறந்திருந்தால், அந்த நிமிடங்களில் டேங்கர்களின் தொட்டிகளில் இருந்த காற்றே ரயிலை நிறுத்தியிருக்கும். ஆள் இல்லாமல் விடுவது ஏன் தனி ஆபத்து என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை.

ஆற்றல் வழியாகவும் இதைச் சரிபார்க்கலாம். 9,300 டன் 110 மீட்டர் இறங்கும்போது விடுபடும் ஆற்றல் சுமார் 1,000 கோடி ஜூல். உராய்வே இல்லாதிருந்தால் வேகம் மணிக்கு 167 கிலோமீட்டரை எட்டியிருக்கும். உண்மையான 105 கிலோமீட்டர் வேகத்தில் இயக்க ஆற்றல் சுமார் 400 கோடி ஜூல். ஆக, 600 கோடி ஜூலை வழியில் உராய்வு தின்றுவிட்டது. ஏழு கைப்பிரேக்குகளும் வழி முழுக்கச் சராசரியாக 25 டன் பிடித்தன என்றால் அதில் சுமார் 285 கோடி அவற்றின் பங்கு. வெப்பமாகக் கட்டையிலும் சக்கரத்திலும் போனது. மீதி சுமார் 315 கோடி சக்கர உருளல், வளைவுகள், காற்றின் தடை. தூரத்தால் வகுத்தால் அது எடையில் ஆயிரத்தில் மூன்று பங்கு வருகிறது. இந்த வேகத்தில் ஓடும் சரக்கு ரயிலுக்கு ஏற்ற அளவுதான். ஏழு பிரேக்குகள் வீண் இல்லை, கடைசி வரை வேலை செய்தன. 75 டன் கேட்கும் இடத்தில் 25 டன் கொடுத்தன, அவ்வளவுதான்.

நகரின் நடுவே பாதை வளைகிறது. அந்த வளைவையும் அங்குள்ள பாதை மாற்றும் கிளையையும் கடக்க விதித்திருந்த வேகம் மணிக்கு 10 மைல். ரயில் வந்தது 65 மைலில். வளைவில் பக்கவாட்டு விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். ஆறரை மடங்கு வேகம் என்றால் 42 மடங்கு விசை. டேங்கரின் எடை மையம் உயரமானது. சக்கர இடைவெளி ஒன்றரை மீட்டருக்கும் குறைவு. முன்னால் இருந்த எஞ்சின்கள் பிரிந்து வளைவைத் தாண்டி ஓடின. டேங்கர்கள் தாண்டவில்லை.

ஓடிய எஞ்சின்கள் ஊருக்கு அப்பால் ஏற்றமான பாதையில் வேகம் இழந்து நின்றன. இரண்டு பகுதிகளாகப் பிரிந்திருந்தன. நின்ற பிறகும், முன்பகுதி மறுபடி பின்னோக்கி உருண்டு வந்து மற்றப் பகுதியில் மோதியது. ஓரளவு பிடித்து நின்ற பிரேக் மீண்டும் இளகியதால், அதே நிகழ்வு சிறிய அளவில் இரண்டாம் முறையும் நடந்தது.

விசாரணைக்குப் பின்

வாரியம் 2014 ஆகஸ்ட் 19 அன்று வெளியிட்ட அறிக்கை 18 காரணங்களையும் துணைக் காரணங்களையும் பட்டியலிட்டது. எஞ்சின் பழுது, சோதனை முறை, பயிற்சி, கண்காணிப்பு, டேங்கர்களின் கட்டமைப்பு என்று அது பரவியது. நிறுவனத்தின் மூன்று பணியாளர்கள் மேல் நடந்த குற்ற வழக்கில் 2018 ஜனவரியில் மூவரும் விடுவிக்கப்பட்டார்கள்.

அறிக்கைக்குக் காத்திராமல், 2013 ஜூலை 23 அன்றே கனடா அரசு அவசர உத்தரவு போட்டது: ஆபத்தான சரக்குள்ள டேங்கர் ரயிலை ஒரே ஆள் ஓட்டக்கூடாது, அதைப் பிரதான பாதையில் ஆளில்லாமல் விடக்கூடாது. பிறகு வந்த விதியில் கைப்பிரேக் எண்ணிக்கை ரயிலின் எடையையும் நிற்கும் சரிவையும் சேர்த்துக் கணக்கிடப்பட்டது. எண்ணெய் டேங்கர்களின் கட்டுமானத்துக்கும் கடுமையான புதிய தரம் வந்தது.

வாரியத்தின் இன்னொரு பரிந்துரை, கைப்பிரேக்கை மட்டும் நம்பாமல், ரயில் உருண்டு ஓடாதபடி தடுக்கும் பொருள் வடிவிலான தடையும் கூடுதலாக வேண்டும் என்பது. டீரெயில் (derail) என்ற கருவி அத்தகையது. தண்டவாளத்தின் மேல் படியும் இரும்புக் கட்டை. உருண்டு வரும் முதல் சக்கரத்தைத் தூக்கி, பாதைக்கு வெளியே இறக்கிவிடும். வாகன் மணிக்கு ஐந்தாறு கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும்போதே கவிழாமல் நின்றுவிடும். நான்ட்டின் கிளைப்பாதையில் அது இருந்தது. ரயில் நின்ற பிரதான பாதையில் இல்லை.

அதே கசிவு, வேறு மலை

2019 பிப்ரவரி 4 அன்று பிரிட்டிஷ் கொலம்பியாவின் ஃபீல்டு அருகே 112 தானிய வாகன்களுடன் ஒரு ரயில் உருண்டு ஓடியது. மூன்று பணியாளர்கள் இறந்தார்கள். சரிவு 2.2 விழுக்காடு, வெப்பநிலை மைனஸ் 28 டிகிரி செல்சியஸ். அவசரப் பிரேக் போட்டு ரயில் நிறுத்தப்பட்டிருந்தது, ஒவ்வொரு வாகனிலும் காற்று பிடித்திருந்தது. கைப்பிரேக் போடப்படவில்லை. கடுங்குளிரில் ரப்பர் வளையங்கள் இறுகிச் சுருங்கி, சிலிண்டர்கள் கசிந்தன. இரண்டு மணி நேரத்துக்கும் மேல் அசையாமல் நின்ற ரயில், பணியாளர் மாறிய சற்று நேரத்தில் கிளம்பியது. நான்ட்டில் பிரேக் இளகியது ஐந்து எஞ்சின்களில். இங்கே நூற்றுக்கும் மேற்பட்ட வாகன்களில். சரிவு இரண்டு மடங்குக்கும் மேல் என்பதால் வேகம் பிடித்த விதமும் கடுமையாக இருந்தது. இதன் பிறகு, செங்குத்தான மலைச்சரிவில் அவசரப் பிரேக்கில் நிற்கும் ரயிலுக்குக் கைப்பிரேக் கட்டாயம் என்ற உத்தரவு வந்தது.

சரிவில் வாகனை நிறுத்துபவர் செய்ய வேண்டியது

முதலில் எடையையும் சரிவையும் பெருக்குங்கள். அதில் உருளல் உராய்வைக் கழிக்காமல் விடுவது நல்லது. அதுதான் பாதுகாப்பு இடைவெளி. கிடைத்த டன்னை ஒரு கைப்பிரேக்குக்கு 3 டன் என்று வகுத்தால் முதல் எண் வரும். இந்த ரயிலுக்கு அது 31. பளு ஏறிய பெரிய வாகனுக்கான தோராயம் இது. காலி வாகனில் நெம்புகோலும் எடையும் வேறு, அதற்கு அந்தந்த ரயில்வேயின் பட்டியலைத்தான் பார்க்க வேண்டும்.

இறுக்குவதைப் பள்ளத்துப் பக்கத்திலிருந்து தொடங்கி, பளு வாகன்களிலேயே செய்ய வேண்டும். கைச்சக்கரம் நின்றதும் போகாமல், குனிந்து பார்த்துச் சங்கிலி விறைத்திருக்கிறதா, கட்டை சக்கரத்தில் ஒட்டியிருக்கிறதா என்று உறுதிசெய்ய வேண்டும். சங்கிலி எங்காவது சிக்கினாலும் கைச்சக்கரம் இறுகியது போலவே தெரியும். கட்டையோ தளர்ந்து கிடக்கும்.

பிறகு எல்லாக் காற்றையும் விடுவிக்க வேண்டும், ரயிலின் தானியங்கிப் பிரேக்கையும் எஞ்சினின் தனிப் பிரேக்கையும். காத்திருக்க வேண்டும். நீண்ட ரயிலில் இணைப்புகளின் தளர்வு ஒவ்வொன்றாக நெருங்கி, பின்வாகனின் பாரம் முன்னால் வந்து சேர நேரம் பிடிக்கும். முதல் பத்து நொடியில் அசையவில்லை என்பதை வைத்து முடிவெடுத்தால் தவறும். அசையாமல் நின்றால் எஞ்சினைக் கொஞ்சமாகப் பள்ளத்துப் பக்கம் இயக்கித் தள்ளிப் பார்க்கலாம். அப்போதும் நின்றால் பிடிப்பில் எவ்வளவு மிச்சம் என்பதற்கு ஓர் அளவு கிடைக்கிறது. அசைந்தால் உடனே காற்றுப் பிரேக், இன்னும் சில வாகன்களில் கைப்பிரேக், மறுபடி சோதனை. சோதனை தேறிய பிறகு காற்றுப் பிரேக்கையும் போட்டுவிட்டுப் போவதில் தவறில்லை. எழுதிவைக்கும் எண்ணில் மட்டும் அதைச் சேர்க்கக்கூடாது.